நீதிமன்ற முற்றமும் நாட்டின் தலைமையாசனமும்

விழா மலர்களிலே பெருமக்களின் வரலாற்றை எழுதுவது பழைய வழக்கு. அவ்வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைவன: நற்குடியிற் பிறந்தார், நன்கு கற்றார், உயர்பதவி எய்தினார், புகழுடன் மறைந்தார் என்பது அவ்வாய்பாடு. படிக்கும் மாணவன் அதிலே வியப்பதற்குப் பலவற்றைக் காண்பான்; பின்பற்றுதற்கு ஒன்றையுங் காணான். எனவே, மாத்தளையிற் பிறந்து, மாத்தளையிலே சட்டத்தொழில் புரிந்து, ஈற்றில் இந்நாட்டின் தலைமையாசனத்தில் அமர்ந்த வில்லியம் கோபல்லாவ அவர்களின் வாழ்வை இங்கே எடுத்துரைக்குமிடத்து, அவர் எய்திய பதவிகளின் உயர்வை மட்டும் அடுக்கிக் காட்டுதல் எமது நோக்கமன்று. அவ்வாழ்விலே நம் கல்லூரி மாணவர்க்கும் நம் மக்களுக்கும் பயன்படும் பகுதி எது என்பதை ஆராய்வதே நோக்கம். அப்பகுதி கொழும்பு இராணி மாளிகையில் அவர் கழித்த ஆண்டுகளன்று. மாத்தளை நீதிமன்ற முற்றத்திலும் நகரசபை மண்டபத்திலும் அவர் கழித்த பதினைந்து ஆண்டுகளே என்பது எமது துணிபு. அத்துணிபுக்குரிய நியாயங்களை வாசகர் முன் வைப்போம்.

கோபல்லாவ அவர்கள் 1896ஆம் ஆண்டு, அளுவிகாரையை அடுத்த துல்லேவை என்னும் ஊரிலே பிறந்தார். அளுவிகாரை, பௌத்த மறைநூல்கள் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்ற இடமென அச்சமயத்தார் போற்றும் தலம். அவர் எழுத்தறிந்தது அவ்வூர்க் கிராமப் பாடசாலையிலே என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். பின்னரே அவர் கண்டிக்குச் சென்று தர்மராஜக் கல்லூரி முதலாய கல்லூரிகளிற் பயின்றார். சிறிது காலம் ஆசிரியராய்ப் பணிபுரிந்து, அதன் பின் சட்டக் கல்லூரியிற் புகுந்து, 1924ஆம் ஆண்டு பிறக்கிராசியாகவும் நொத்தாரிசாகவும் பதிவு பெற்றார். பெற்றதும் சொந்த நகருக்கே திரும்பினார். கொழும்புப் புதுக்கடையிலே பெரும்பொருள் ஈட்ட முயலாது மாத்தளைக்கு மீண்ட அச்செயலே அவர் வாழ்வின் முதற்றிருப்பம் எனலாம்.

பிறக்கிராசி என்ற சொல் இக்கால மாணவர்க்குப் புதியதாய்த் தோன்றக்கூடும். அக்காலத்திலே நம் நாட்டுச் சட்டத்தொழில் இருகூறாய்ப் பிரிந்திருந்தது. மேன்மன்றுகளில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து எனப்பட்டார். கட்சிக்காரரை நேரிற் கண்டு, வழக்கை ஆயத்தஞ்செய்து, ஆவணங்களை வகுத்து, கீழ்மன்றுகளில் அவர்க்காகத் தோன்றுபவர் பிறக்கிராசி எனப்பட்டார். 1973ஆம் ஆண்டு நீதி நிருவாகச் சட்டம் இப்பிரிவை நீக்கி, இருசாராரையும் சட்டத்தரணி என ஒரு பெயரால் வழங்கச் செய்தது. அதுகாறும் அப்புக்காத்துக்குப் புகழ் மிகுதி. பிறக்கிராசிக்கு மக்கட் பழக்கம் மிகுதி. சிறுநகரிலே இவ்வேற்றுமை பெரிது. காணி எல்லை பற்றிய பிணக்கு, தாய்வழிச் சொத்து, கண்டிச் சட்டத்துக்கமைந்த விவாகத்தின் வழி எழும் உரிமை, கடன் பத்திரம், அயல்வீட்டு அடிபிடி ஆகிய அனைத்தும் முதலிற் சென்றடையும் வாயில் பிறக்கிராசியின் திண்ணையே. நொத்தாரிசு என்ற முறையில் அவர் உறுதி முடிக்கின்றார், மரணசாதனம் எழுதுகின்றார். ஊரில் எவர் எதனை உடையார், எவர் எதனை இழந்தார் என்பதை அவரினும் நன்கறிந்தார் இலர். சட்டத்தை ஏட்டிற் கற்றவர் பலர். அச்சட்டம் ஏழையின் முதுகில் எங்கே உறுத்துகின்றது என்பதைக் கண்டறிந்தவர் சிலர். அச்சிலரை ஆக்கும் கல்விச்சாலை சிறுநகர்ச் சட்டத்தொழிலே என்க.

தொழில் தொடங்கி ஈராண்டு கழிய, 1926இல், கோபல்லாவ அவர்கள் மாத்தளை நகரசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1939 வரை பதின்மூன்றாண்டு அச்சபையில் இருந்தார். சில ஆண்டுகள் அதன் தலைவராகவும் கடமையாற்றினார். அக்காலத்து நகரசபையின் அலுவல்கள் எவை? தெருவைச் செப்பனிடல், விளக்கேற்றல், குழாய்நீர் வழங்கல், சாக்கடையைத் துப்புரவு செய்தல், சந்தையையும் இறைச்சிக் கடையையும் மேற்பார்த்தல், நோய் பரவாது காத்தல் ஆகியனவே. இவற்றுள் ஒன்றேனும் செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு உரியதன்று. ஆயினும் 1934–35ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டைப் பாழாக்கியபோது, தேங்கிய நீரும் தூர்ந்த வாய்க்காலும் எத்துணைப் பெரிய அரசியற் பொருள்கள் என்பதை நாடு முழுவதும் கண்டது. அவ்வாண்டுகளிலே சபை உறுப்பினராய் இருந்த ஒருவர் நிருவாகத்தைக் குறித்துக் கற்றவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பித்தல் அரிது.

1939இல் அவர் கண்டி மாநகர ஆணையாளராய் நியமனம் பெற்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே, தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனையில் அமைந்தபோது, கண்டி மாநகர் படையினராலும் அதிகாரிகளாலும் நிரம்பிற்று; அக்காலத்தும் அந்நகரின் நிருவாகப் பொறுப்பு அவர் கையில் இருந்தது. 1951இல் கொழும்பு மாநகர ஆணையாளரானார். பின்னர்ச் சீனாவிலும் அமெரிக்காவிலும் இலங்கைத் தூதுவராய்ப் பணிபுரிந்தார். 1962 மார்ச்சு 2ஆம் நாள் இலங்கையின் மகாதேசாதிபதியாய்ப் பதவியேற்றார். 1972 மே 22ஆம் நாள் இந்நாடு குடியரசானபோது அதன் முதலாவது சனாதிபதியானார். 1978 பெப்ரவரி 4இல் அப்பதவியினின்றும் நீங்கி, 1981இல் மறைந்தார். துல்லேவைக் கிராமப் பாடசாலையிலிருந்து நாட்டின் முதலாசனம் வரை சென்ற அவ்வழியிலே மாத்தளை நகரசபை ஒரு படியாய் இருந்தது என்பதை மறத்தலாகாது.

தடைகள் இரண்டு

இவ்வாறு கூறுமிடத்து இரு தடைகள் எழும். அவற்றை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று.

முதலாவது தடை: கோபல்லாவ அவர்கள் மக்களால் தெரிவு செய்யப்பட்டு அவ்வுயர்பதவிகளை எய்தினாரல்லர், நியமனத்தாலேயே எய்தினார், நியமித்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களோ அவருக்கு உறவுமுறையானவர். 1962 ஜனவரியிலே இராணுவ, பொலீசு அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த சூழ்ச்சி வெளிப்பட்டதன் பின், சேர் ஒலிவர் குணதிலக்கா அவர்களுக்குப் பதிலாக நம்பிக்கைக்குரிய ஒருவரை அரசாங்கம் நாடிற்று; அவ்வேளையிலேயே இந்நியமனம் நிகழ்ந்தது. இவை அனைத்தும் உண்மை. ஆயினும் நியமனம் பெற்ற ஒருவரை மதிப்பிடுதற்குரிய அளவுகோல், தம்மை நியமித்தார் தோல்வியுற்ற வேளையில் அவர் யாது செய்தார் என்பதே. 1965 மார்ச்சுப் பொதுத்தேர்தலிலே சிறிமாவோ அவர்களின் கட்சி தோல்வியுற்றது. எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. மகாதேசாதிபதி டட்லி சேனநாயக்கா அவர்களையே பிரதமராய் நியமித்தார். 1970இல் மக்கள் தீர்ப்பு மாறியபோது சிறிமாவோ அவர்களை நியமித்தார். 1977இல் அது மீண்டும் மாறியபோது ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்களுக்குப் பதவிப்பிரமாணஞ் செய்து வைத்தார். மூன்று முறையும் ஆட்சி அமைதியாய்க் கைமாறிற்று. அண்டை நாடுகள் பலவற்றில் அக்காலத்தே படைத்தலைவர் கைக்கு ஆட்சி போனதை நினைப்பார்க்கு, இது சிறு செயலாய்த் தோன்றாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. தமிழராகிய நாம் அதனை எழுப்பாது விடுதல் இயலாது. 1972 மே 22ஆம் நாள் கொழும்பு நவரங்கலையில் நிறைவேற்றப்பட்ட குடியரசு யாப்பு, சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிலே சிறுபான்மையோர்க்கு இருந்த காப்பை ஒழித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களத்தை அரசகரும மொழியாய் யாப்பிலேயே பொறித்தது. அந்த யாப்பின் கீழ் முதலாசனத்தில் அமர்ந்தவர் நம் மாத்தளைச் சட்டத்தரணி. ஒருநாள் முன்புவரை மகாராணியின் பெயரால் சட்டங்களுக்கு இசைவளித்தவரும் அவரே. எந்தச் சிறுபான்மையோரின் குறைகளைத் தம் திண்ணையிலே கேட்டறிந்திருத்தல் கூடுமோ, அவர்தம் காப்பு ஒழிந்தபோது அவர் யாது செய்தார் என்று மாணவன் ஒருவன் வினவின் விடை யாது?

விடை இது: அவ்வாசனத்திலே அவருக்கு ஏதுஞ் செய்யும் அதிகாரம் இல்லை. சோல்பரி யாப்பின்படி பாராளுமன்றம் என்பது முடியும் செனற் சபையும் பிரதிநிதிகள் சபையுஞ் சேர்ந்தது. மகாதேசாதிபதி சட்டவாக்கத்தின் ஓர் உறுப்பே. ஆயினும் அமைச்சரின் ஆலோசனைக்கு அமைய இசைவளித்தல் அன்றி, மறுத்தல் அவருக்கு வழக்கன்று. 1971இல் செனற் சபையை ஒழித்த சட்டமும் இவ்வாறே நிறைவேறிற்று. 1972இன் சனாதிபதியும் பெயரளவிலான தலைவரே. ஈண்டு ஒரு விந்தையைக் காண்க. மாத்தளை நகரசபையிலே ஒரு வாய்க்காலைத் திருத்தவும் ஒரு தெருவுக்கு விளக்கிடவும் அவருக்கு இருந்த வாய்ப்பு, நாட்டின் தலைமையாசனத்திலே அவருக்கு இருந்திலது. ஆசனம் உயர உயர அதிகாரம் குறைந்தது. அவர் நீங்கிய 1978 பெப்ரவரி 4ஆம் நாளே அவ்வாசனம் நிறைவேற்றதிகாரம் முழுவதையுந் தன்பாற் கொண்ட வேறொன்றாய் மாறிற்று என்பது வரலாற்றின் குறும்பு.

இதனை நாம் அவர்மீது சாட்டும் குற்றமாய்க் கூறவில்லை. பதவியின் உயர்வு வேறு, செய்யத்தகும் நன்மையின் அளவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது என்பதற்காகவே கூறினோம்.

மற்றுமொரு மாத்தளையார்

அதே காலத்தில் மாத்தளையிலிருந்து நேர்வழியிற் சட்டமன்றஞ் சென்றவர் பேர்னாட் அளுவிகார அவர்கள். அவர் ஒக்சுபோட்டிற் கற்ற பாரிஸ்டர். 1936 முதல் அரசாங்க சபையிலே மாத்தளையின் உறுப்பினர். சுதந்திரத்தின் பின் பாராளுமன்ற உறுப்பினர். 1951இல் பண்டாரநாயக்கா அவர்களோடு ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு நீங்கிச் சுதந்திரக் கட்சியின் தோற்றத்திற் பங்குகொண்டு, சின்னாளில் முன்னைய கட்சிக்கே மீண்டார். சட்டசபை வாழ்விலே கட்சி என்னும் காற்று எத்திசை வீசினும் தொகுதியை விடாது பற்றி நிற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

நம் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. 1936 முதல் 1947 வரை மாத்தளை உறுப்பினர் அமர்ந்திருந்த அவ்வரசாங்க சபைக்குச் சபாநாயகராய் விளங்கியவர், ஊர்காவற்றுறைத் தொகுதியினரான சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்கள். அவரும் சட்டத்தொழிலிலிருந்து சபைக்குச் சென்றவர். யாழ்ப்பாணத்து இந்துக் கல்வி முயற்சிகளோடு நெருங்கிய தொடர்புடையவர். சபையின் விதிகளைச் சமன்செய்து சீர்தூக்கிக் காத்த அப்பெரியாருக்கு அத்திறனை அளித்தவற்றுள் நீதிமன்றப் பயிற்சி தலையாயது. வாதி, பிரதிவாதி இருவரையுங் கேட்டபின்னரே தீர்ப்புக் கூறும் பழக்கம், சபை நடத்துவார்க்கு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று.

நமக்கு அடைபட்ட கதவு

கோபல்லாவ அவர்கள் நகரசபையில் இருந்த அதே ஆண்டுகளில், அந்நகரின் எல்லை முடியுமிடத்தே தொடங்கிய தோட்டங்களிலே வாழ்ந்த நம் மக்களின் நிலை யாது? அவர்தம் முன்னோர், மன்னார்க் கரையிறங்கி, வடபாதை வழியே காடுகளைக் கடந்து, தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தவர். வழியில் மாண்டவர் போக எஞ்சியவர் முதலில் இளைப்பாறிய நகர் இதுவே. கோப்பியையும் பின்னர்த் தேயிலை, இறப்பர், கொக்கோ ஆகியவற்றையும் விளைத்தவர் அவர். 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை அளித்தது. ஆயின் இந்தியத் தொழிலாளருக்கு வதிவிடத் தகுதி போன்ற நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. 1937இல் கிராமச் சங்கத் திருத்தச் சட்டம் தோட்டத் தொழிலாளரை அச்சங்கத் தேர்தலினின்றும் விலக்கிற்று. ஊராட்சியின் கதவு முதலில் அடைபட்டது. பின்னரே நாட்டாட்சியின் கதவு அடைபட்டது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும், பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டமுந் தொடர்ந்தன. வாக்கு இல்லையாயிற்று, வாக்கில்லாதார்க்குப் பிரதிநிதியும் இல்லையாயினார். 1952இல் அவ்வெழுவர்தம் இடங்களில் ஒன்றேனும் அவர்க்கு மீளவில்லை.

இவ்வேளையில் ஒரு வழக்கை நினைவுகூர்தல் தகும். கோடக்கன்பிள்ளை என்பார், வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டு மறுக்கப்பட்டபோது, அச்சட்டங்கள் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என வாதிட்டார். மீளாய்வு அதிகாரி அவர் பக்கந் தீர்ப்பளித்தார். 1951இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. வழக்குத் தோற்றது. ஆயினும் அது தொடங்கிய இடம் இலண்டனன்று, புதுக்கடையுமன்று. மலைநாட்டை அடுத்த ஒரு தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலகமே அது. பெரிய உரிமைகள் யாவும் சிறிய அலுவலகங்களிலேயே முதலில் மறுக்கப்படுகின்றன. ஆதலின் அவற்றைக் காக்க வல்லார் அங்கேயே இருத்தல் வேண்டும்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. இடையறாத வதிவைக் காட்டும் சான்று இல்லை, பிறப்புப் பதிவு இல்லை, பெயர் ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறொருவாறும் எழுதப்பட்டிருந்தது என்பன போன்ற காரணங்களால் தள்ளப்பட்டன எண்ணற்றவை. இந்த அவலத்துக்கு முதற்காரணம் சட்டத்தின் கொடுமையே. அதனை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அச்சட்டம் விட்டுவைத்த சிறு வாயிலின் வழியேனும் மக்களை அழைத்துச் செல்லுதற்கு, தோட்டத்தை அடுத்த ஒவ்வொரு நகரிலும் தமிழறிந்த, தொழிலாளரை மதிக்கும் சட்டத்தரணிகள் போதிய அளவில் இருந்திருப்பின், அவ்வெண் சிறிதேனும் பெருகியிராதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1964 ஒக்டோபரிலே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக்கையாய்ப் பங்கிட்டது. அவ்வேளை கோபல்லாவ அவர்கள் மகாதேசாதிபதி. தம் சொந்த மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியதை அவ்வுயர்ந்த ஆசனத்தால் தடுத்தல் இயலவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்னும் பழியை ஈற்றில் நீக்கின. இடையிலே அரை நூற்றாண்டு கழிந்தது.

இனிச் செய்யற்பாலன

கதவு இன்று திறந்துள்ளது. அதன் வழியே நாம் எவ்வாறு புகுதல் வேண்டும் என்பதே வினா. நம்மவரிற் பலர் பாராளுமன்ற ஆசனம் ஒன்றையே குறியாய்க் கொள்கின்றனர். அதன் தேவையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் கணக்கைச் சற்றே நோக்குக. இம்மாவட்டத்திலே தமிழ் மக்கள் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கினர். அண்மைத் தேர்தல்களில் இம்மாவட்டத்துக்குரிய பாராளுமன்ற ஆசனங்கள் ஐந்து. விகிதாசாரத் தேர்தலிலே வாக்காளர் ஒருவர் தாம் தெரிந்த கட்சியின் வேட்பாளர் மூவர்க்கு விருப்புவாக்கு அளிக்கலாம். எனவே, இங்கே தமிழர் ஒருவர் வெற்றி பெற வேண்டுமாயின், நம்மவர் அனைவரின் ஒரு விருப்புவாக்கு மட்டும் போதாது. சிங்கள, முசிலிம் அயலவர்தம் இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்புவாக்கேனும் அவர்க்கு வேண்டும். மேடைப் பேச்சைக் கேட்டு அயலவர் அதனை அளியார். தம் காணி வழக்கை நேர்மையாய் நடத்தித் தந்தவர்க்கு, தம் தெருவின் குழாய்நீருக்காய்ச் சபையிற் பேசியவர்க்கு அளிப்பர். நுவரெலியாவின் வழி மாத்தளைக்கு வழியாகாது. இங்கே சட்டமன்றம் புகும் பாதை, நீதிமன்ற முற்றத்தையும் உள்ளூராட்சி மண்டபத்தையும் கடந்தே செல்கின்றது. கோபல்லாவ அவர்களின் பதினைந்து ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

உள்ளூராட்சியை இகழ்தற்கு நம்மவர்க்கு ஒரு காரணம் இருந்ததுண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப்புறங்களுக்குச் சபைநிதியைச் செலவிடத் தடையாய் இருந்தது. வாக்கை வாங்கிய சபை, தோட்டத்து வழியைச் செப்பனிடச் சட்டம் இடந்தராது என்று கைவிரித்தது. அத்தடை 2018இல் திருத்தச் சட்டத்தால் நீங்கிற்று. இன்று அச்சாக்கு எவர்க்கும் இல்லை. உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ ஒரு பிரதேச சபை உறுப்பினர், லயத்துக்குச் செல்லும் பாதைக்கும் நீருக்கும் சட்டப்படி பணங்கேட்டல் கூடும். கேட்பதற்குச் சட்டம் அறிந்தவர் வேண்டும்; வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தறிய வல்லவர் வேண்டும்; சிங்களத்திலே தெளிவுறப் பேசவும் எழுதவும் வல்லவர் வேண்டும்.

மேலும், தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் வழங்கும் திட்டங்கள் 2015இன் பின் நடைபெற்று வருகின்றன. காணி என்றால் உறுதி வேண்டும். உறுதி என்றால் எல்லை, நில அளவைப் படம், உரித்து, பின்னுரித்து அனைத்தும் பிழையற எழுதப்படல் வேண்டும். தலைமுறை தலைமுறையாய் நிலமில்லாதிருந்த மக்களின் முதலாவது உறுதி பிழைபட எழுதப்படின், அவர்தம் பேரர் நீதிமன்ற வாயிலிற் காத்துக் கிடப்பர். 1949இன் விண்ணப்பப் படிவங்களிலே நேர்ந்தது, காணி உறுதிகளிலும் நேர விடலாகாது. ஆதலின் நமக்கு இன்று வேண்டற்பாலர் நாவன்மை மிக்க தலைவர் மட்டுமல்லர். நேர்மை மிக்க நொத்தாரிசுகளும் ஆவர்.

இவற்றைக் கருதிப் பழைய மாணவர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கும் முயலும் நம் மாணவர்க்கென ஓர் உதவிநிதி அமைத்தல் வேண்டும். சட்டக் கல்வியைத் தமிழிலேயே பயிலலாம் என்பதைக்கூட அறியாத பெற்றோர் பலர். மருத்துவமும் பொறியியலும் எட்டாவிடின் கல்வியே வீண் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. அதனைக் களைதல் ஆசிரியர் கடன்.

இரண்டாவது, அவ்வுதவி பெறுவார், பட்டயம் பெற்றபின் ஐந்தாண்டேனும் இம்மாவட்டத்திலே தொழில் புரிவதாய் வாக்களித்தல் வேண்டும். கொழும்பின் கவர்ச்சி பெரிது, அதனை அறிவோம். ஆயினும் 1924இல் ஓர் இளைஞர் புதுக்கடையை விடுத்து மாத்தளைக்கு மீண்டமையால் அவர் வாழ்வு சுருங்கிற்றிலது என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, சட்டத்தொழிலில் உள்ள பழைய மாணவர் திங்களுக்கு ஒருநாள், கல்லூரி மண்டபத்திலோ கோயில் மடத்திலோ அமர்ந்து, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, ஊழியர் சேமலாப நிதி ஆகியன பற்றி ஏழை மக்களுக்கு இலவச ஆலோசனை வழங்குதல் வேண்டும். மாணவர் உடனிருந்து படிவங்களை நிரப்பப் பழகுவாராயின், அது சமூகக்கல்விப் பாடத்தின் சிறந்த செய்முறைப் பயிற்சியாகும்.

நான்காவது, உயர்வகுப்பு மாணவர் சிங்களத்தை வெறும் பரீட்சைப் பாடமாய்க் கருதாது, வாதிடும் அளவுக்குக் கற்றல் வேண்டும். மாற்றார் மொழியை அறிதல் நம் மொழிக்கு இழுக்கன்று. நீதிமன்றத்திலே தன் கட்சிக்காரன்பால் எழுதப்படுவதைத் தானே படித்தறிய மாட்டாத சட்டத்தரணி, அரைக்கண் குருடன் போல்வான்.

இந்நான்கும் பெரும்பொருட் செலவில்லாதன. பழைய மாணவர் பலர், விழாக் காலத்தில் வாயில் வளைவுக்கும் மணிக்கூண்டுக்கும் மனமுவந்து பொருளுதவுகின்றனர். அவையும் வேண்டற்பாலனவே, கல்லூரியின் தோற்றப்பொலிவு அதன் மாணவர்க்கு ஊக்கந்தரும். ஆயினும் ஒரு வளைவுக்காகும் செலவிலே இரு சட்ட மாணவர் கற்று முடிப்பர் என்பதை நிருவாகக் குழுவினர் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

இங்ஙனம் கற்று மீளும் இளைஞருள் ஒருவர், பிற்காலத்தே பாராளுமன்றஞ் சென்று மாத்தளையின் பெயரால் எழுந்து பேசுவாராயின் நாம் மகிழ்வோம். அவ்வாறு நிகழாவிடினும் இழப்பில்லை. நகரசபையின் ஒரு வட்டாரத்திலே முறையாய் நீர் ஓடும். ஒரு தோட்டத்திலே எழுபது குடும்பங்களின் காணி உறுதி பிழையின்றி அமையும். வாக்காளர் இடாப்பிலே விடுபட்ட பெயர்கள் காலத்தே சேரும். கோபல்லாவ அவர்களின் உருவம் அரச அலுவலகச் சுவர்களில் இருந்து நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. சபையின் பழைய குறிப்பேடுகளிலே அவர் கையொப்பத்தின் மேலுள்ள சிறு தீர்மானங்களோ, இந்நகரின் தெருக்களாயும் வாய்க்கால்களாயும் இன்றும் மக்கள் காலடியிற் கிடக்கின்றன. அத்தகைய தீர்மானங்களை எழுதவல்ல கைகளை நம் கல்லூரி ஆண்டுதோறும் ஈன்று தருவதாக.